குளத்து நத்தையும் நீர்ப்பூச்சியும்

குளத்துப் படிக்கட்டின் ஈர இடுக்கிலோ தாமரை இலையின் அடிப்புறத்திலோ ஒட்டிக்கொண்டிருக்கும் நத்தையை இன்ன ஜாதி என்று நிர்ணயிக்க விரும்புகிறவர், அதன் நிறத்தையும் பருமனையும் மட்டும் நம்பிவிடாமல், முதலில் ஓட்டின் வாயைத் திருப்பி, அங்கே மூடி இருக்கிறதா என்று கவனிப்பது நலம். உடலை உள்ளே இழுத்துக்கொண்டதும் கெட்டியான மூடியொன்று வாயை அடைத்துக்கொள்ள, ஓடும் உருண்டு பெருத்திருக்குமானால், அது நம் வயல்களிலும் ஏரிகளிலும் சாதாரணமாய்க் காணப்படும் பெரிய நத்தையாகும். நீரில் செவுளாலும் வெளியே நுரையீரல் போன்ற பையாலும் சுவாசிக்கும் அந்தப் பிராணி, கோடையில் குளம் வற்றும்போது சேற்றுக்குள் புதைந்து, மூடியின் பாதுகாப்பிலேயே மழைவரும்வரை உயிர் தரித்திருக்கிறது. மூடியில்லாமல், ஓடு தட்டையாக ஒரே தளத்தில் சுருண்டிருக்கும் நத்தையைக் கால்நடை வளர்ப்போர் அவசியம் அறிந்துகொள்ள வேண்டும். மாடுகளுக்குக் குறட்டை நோயை உண்டாக்கும் ரத்தப்புழு தன் இளம்பருவத்தை இதன் உடலில்தான் கழிக்கிறது.

பூச்சிகளில், வால்நுனியில் இலைவடிவான மூன்று செவுள்களைக் கொண்டது ஊசித்தட்டானின் இளம்பருவம். முதுகு நிறைய முட்டைகளைச் சுமந்து நீந்தும் தட்டையான பழுப்புப் பூச்சியோ, பெண் இட்டுச்சென்ற முட்டைகளைக் குஞ்சு பொரிக்கும்வரை பரிபாலிக்கும் தகப்பன், ஆச்சரியமான பிராணி. ஆயினும் வெறுங்கையால் பிடித்தால் வலிக்கக் குத்திவிடுமாதலால், வெள்ளைக் கிண்ணத்தில் நீரோடு மொண்டு பார்ப்பதே உசிதம்.