காஞ்சி நெசவாளியும் காப்பீட்டுக் கம்ப்யூட்டரும்

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடத்தில் திருமுக்கூடல் என்று ஓர் ஊர் இருக்கிறது. காஞ்சிபுரம் ஜில்லாவைச் சேர்ந்தது. அங்குள்ள பெருமாள் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு உண்டு. 11-ம் நூற்றாண்டில், வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டியது.

அது என்ன சொல்கிறது தெரியுமா? ஓர் ஆஸ்பத்திரியின் கணக்கைச் சொல்கிறது!

படுக்கைகள் 15. வைத்தியர் ஒருவர். அறுவை செய்ய ஒருவர். மூலிகை கொண்டுவர ஆட்கள். பணிவிடைக்குப் பெண்கள். யார் யாருக்கு எவ்வளவு நெல், என்னென்ன மருந்து கையிருப்பில் இருக்க வேண்டும் என்ற விவரமெல்லாம் அதில் இருக்கிறது. யாருக்காக இந்த ஆஸ்பத்திரி என்பதும் தெளிவாக இருக்கிறது. கோயில் கல்விச்சாலை மாணவர்களுக்கும், கோயில் பணியாளர்களுக்கும்.

யாருக்கு வைத்தியம், எவ்வளவு செலவு, யார் கொடுப்பது? இந்த மூன்று கேள்விகளுக்கும் அன்று கல் பதில் சொன்னது. இன்று அதே ஜில்லாவில் கம்ப்யூட்டர் பதில் சொல்கிறது. அந்தப் பதில் சரியாக இருக்கிறதா என்பதில்தான் பல ஏழைக் குடும்பங்களின் உயிரும் மானமும் அடங்கியிருக்கின்றன.

15 ஆயிரத்திலிருந்து 5 லட்சம்

பட்டு நெசவாளிக்கு நோய் வந்தால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். செலவும் அப்போதுதான் வரும். இந்த இரட்டை அடியிலிருந்து காக்க, கைத்தறி நெசவாளர்களுக்கென்று 2005-ல் மத்திய சர்க்கார் ஒரு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்தது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் கொண்ட குடும்பத்துக்கு வருஷத்துக்கு ரூ.15 ஆயிரம் வரை.

2009-ல் தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2018-ல் அது மத்திய சர்க்காரின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைந்தது. குடும்பத்துக்கு வருஷத்தில் ரூ.5 லட்சம் வரை என்று ஆயிற்று. ஆண்டு வருமான வரம்பு முதலில் ரூ.72 ஆயிரமாக இருந்தது. 2022-ல் திட்டத்தைப் புதுப்பித்தபோது அதை ரூ.1 லட்சத்து 20 ஆயிரமாக உயர்த்தினார்கள்.

பிரீமியம் கட்டுவது சர்க்கார். நோயாளி காசு கொண்டுபோக வேண்டியதில்லை. திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் பணம் ஒதுக்கிவிட்டால் மட்டும் வைத்தியம் கிடைத்துவிடாது. பணத்துக்கும் படுக்கைக்கும் நடுவே ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது.

கார்டுக்குப் பின்னால் நடப்பது

நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்து காப்பீட்டுக் கார்டைக் காட்டுகிறார். எண்ணைத் தட்டியதும் குடும்பத்தின் விவரம் திரையில் வர வேண்டும். நோயின் விவரம், எக்ஸ்-ரே, டாக்டர் குறிப்பு எல்லாம் காப்பீட்டுத் தரப்பு டாக்டர்களுக்குப் போகின்றன. அவர்கள் பார்த்து, சரி என்று முன் அனுமதி தருகிறார்கள். பிறகு சிகிச்சை. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் பணம்.

இதில் ஏதேனும் ஒரு கண்ணி அறுந்தாலும் எல்லாம் நின்றுபோகும். காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில், 1969-ல் தொடங்கிய அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. புற்றுநோய் ஒரு நாளில் தீரும் வியாதியா? மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வர வேண்டும். பெயர்ப் பிழையால் ஒரு தவணை தள்ளிப் போனால், நோய் தள்ளி நிற்குமா?

காமாட்சி எத்தனை காமாட்சி!

இப்படிப்பட்ட கம்ப்யூட்டர் ஏற்பாட்டைத் திட்டமிடுகிறவர்கள் முதலில் பிள்ளையார்பாளையம் தெருக்களில் ஒரு நாள் நடந்து பார்க்க வேண்டும். எங்கெங்கே முடிச்சு விழும் என்று அங்கே தெரிந்துவிடும்.

முதல் முடிச்சு, பெயர். காஞ்சிபுரத்தில் காமாட்சிகளுக்குப் பஞ்சமில்லை. இந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒரு குமாஸ்தா ‘காமாட்சி’ என்பார். இன்னொருவர் ‘காமாக்ஷி’ என்பார். கல்யாணத்துக்கு முன் தகப்பனார் பெயரின் முதல் எழுத்து. பின்பு கணவர் பெயரின் முதல் எழுத்து. ரேஷன் கார்டில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம். மனிதக் கண்ணுக்கு ஒரே ஆள். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கம்ப்யூட்டருக்கு இரண்டு ஆட்கள்!

இரண்டாவது முடிச்சு, குடும்பம். புது மருமகளின் பெயரைப் பிறந்த வீட்டு ரேஷன் கார்டிலிருந்து எடுத்துப் புகுந்த வீட்டுக் கார்டில் சேர்க்க வேண்டும். இடைப்பட்ட நாட்களில் அவள் எந்த வீட்டுப் பெண்? அந்தச் சமயத்தில் ஆபத்து வந்தால் என்ன வழி? இதற்குத் திட்டத்தில் முன்கூட்டியே ஒரு விடை எழுதி வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது முடிச்சு, வருமானம். நெசவாளிக்கு மாதச் சம்பளம் கிடையாது. சேலை முடிந்தால் கூலி. முகூர்த்த மாதங்களில் தறிக்கு ஓய்வில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் பாவு விரிக்க முடியாது. தறிக் குழியில் ஈரம் ஊறும். வருஷத்துக்கு ரூ.1 லட்சத்து 20 ஆயிரம் என்றால் மாதத்துக்கு ரூ.10 ஆயிரம். நல்ல மாதத்தைப் பார்த்து எழுதினால் வரம்பைத் தாண்டலாம். மழை மாதத்தைப் பார்த்து எழுதினால் பட்டினிக் கணக்கு. எதை எழுதுவது?

நான்காவது முடிச்சு, விரல். நாள் முழுதும் உழைக்கும் கையில் ரேகை தேய்வது சகஜம். ரேகை பதியாவிட்டால் கண்ணையோ முகத்தையோ பார்க்கும் வசதி வேண்டும். அதுவும் இல்லாவிட்டால், “இவர் இன்னார்தான்” என்று பொறுப்புள்ள ஓர் அதிகாரி கையெழுத்துப் போட வழி வேண்டும்.

இவை போதாதென்று ஜில்லாவே மாறுகிறது! 2019-ல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி ஜில்லாவாகப் பிரிந்தது. மக்கள் இருந்த இடத்தில்தான் இருந்தார்கள். விலாசம் மட்டும் மாறிவிட்டது. இப்படி மாறும் என்று எண்ணிச் செய்த ஏற்பாடுதான் நிலைக்கும்.

அமெரிக்காவே திணறியது

இதெல்லாம் நம் ஊர்க் கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மக்கள் பல கம்பெனிகளின் மருத்துவக் காப்பீடுகளை ஒரே இடத்தில் ஒப்பிட்டு வாங்குவதற்குக் கம்ப்யூட்டர் சந்தை ஒன்றை அமைத்தார்கள். 2013 அக்டோபர் 1-ந் தேதி திறந்தார்கள். லட்சக்கணக்கானோர் முட்டி மோதினார்கள். முதல் நாள் முடிவில் பதிவை முடித்தவர்கள் எத்தனை பேர்? வெறும் 6 பேர்!

காரணம் பல. அதில் ஒன்று வேடிக்கையானது. காப்பீடுகளையும் விலையையும் பார்ப்பதற்கு முன்பே ஒவ்வொருவரும் கணக்குத் திறந்தாக வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். காந்தி ரோடு பட்டுக் கடை வாசலில், “பெயர், விலாசம் எழுதிக் கொடுத்தால்தான் சேலையைக் கண்ணில் காட்டுவோம்” என்றால் எப்படி இருக்கும்? வாசலிலேயே கூட்டம் நெரியாதா? போதுமான சோதனை செய்து பார்க்காமல் திறந்தது இன்னொரு குறை. ஆரிகன் ராஜ்யம் தனக்கென்று கோடிக்கணக்கான டாலரில் செய்த ஏற்பாடு கடைசிவரை சரியாக ஓடவில்லை. நூற்றுக்கணக்கான ஆட்களை வைத்துக் காகிதத்தில் மனு வாங்கினார்கள். 2014-ல் அதைக் கைவிட்டு மத்திய சந்தையிலேயே சேர்ந்துகொண்டார்கள்.

தறி சொல்லும் பாடம்

காஞ்சித் தறியின் மேலே ஜக்கார்டு பெட்டியும், துளை போட்ட அட்டைகளும் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே துளை அட்டை யோசனையைக் கொண்டு 1890-ல் அமெரிக்காவில் ஜனத்தொகைக் கணக்கை எண்ணினார்கள். கம்ப்யூட்டருக்கு அது பாட்டன் முறை. அட்டையில் ஒரு துளை தவறினால் சேலை முழுவதும் அந்தப் புட்டா தவறாகவே விழும் என்பது நெசவாளிக்குத் தெரியும். ஆகவே முதலில் சிறிது நெய்து, சரிபார்த்து, அதன் பிறகே மேலே போகிறார். காப்பீட்டுக் கம்ப்யூட்டருக்கும் அதுவே முறை. ஒரு தாலுகாவில் ஓட்டிப் பார்த்து, பிழை திருத்தி, பிறகு ராஜ்யம் முழுவதும் விரிக்கலாம்.

திருத்துவது கௌரவக் குறைவல்ல. இதே ஜில்லாவில் உத்தரமேரூர் சபை, குடவோலைத் தேர்தலுக்கு யார் தகுதி உள்ளவர் என்று 919-ல் விதி செய்தது. 921-லேயே அதைத் திருத்தி விரிவாக மறுபடி வெட்டியது. கல்லில் எழுதியதையே இரண்டு வருஷத்தில் திருத்த முடிந்தது என்றால், கம்ப்யூட்டரில் எழுதியதைத் திருத்த முடியாதா? “கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை” என்று நோயாளியைத் திருப்பி அனுப்புவது பதிலாகாது. என்ன பிழை, எங்கே திருத்தலாம், எத்தனை நாளில் ஆகும் என்று தமிழில் சொல்ல வேண்டும். அவசரமானால் சிகிச்சை முதலில், திருத்தம் பிறகு.

இன்னொன்று, ரகசியம். ஒரு வீட்டுப் பெண்ணுக்கு என்ன வியாதி என்பது கம்ப்யூட்டரில் பதிவாகிறது. அது சம்பந்தம் பேச வருகிறவர் காதுக்குப் போனால் என்ன ஆகும்? தனி மனிதர் விவரங்களைக் காக்க 2023-ல் பார்லிமெண்டு சட்டம் செய்தது. அந்தப் பூட்டைத் திட்டம் போடும்போதே போட வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

திட்டம் போடுவது அதிகாரிகள் வேலை. நம் பங்கும் உண்டு. இன்று ஞாயிற்றுக்கிழமைதானே? ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டுக் கார்டு மூன்றையும் எடுத்து அருகருகே வையுங்கள். பெயரும் முதல் எழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா? வீட்டுக்கு வந்த மருமகள், பிறந்த குழந்தை, உங்களோடு இருக்கும் பெற்றோர் எல்லோரும் இருக்கிறார்களா? கொடுத்த டெலிபோன் எண் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறதா?

குறை இருந்தால் இந்த வாரமே தாலுகா ஆபீசிலும், கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்திலும் கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போது இது அரை நாள் வேலை. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது அந்த அரை நாள் கிடைக்காது.