பழைய பலகையில் ஒரு காய்கறிப் பாத்தி

கடலோரக் கிராமங்களில் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போதெல்லாம், அங்கத்தினர் வீட்டுக் கொல்லைகளையும் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நமது வழக்கம். கணக்குப் புத்தகம் சங்கத்தின் நிலையைச் சொல்லும். கொல்லை குடும்பத்தின் நிலையைச் சொல்லும். தரங்கம்பாடிக் கரையோரத்தில் தென்னை நிற்கும் கொல்லைகளிற்கூட ஒரு கத்தரிச் செடியையோ, ஒரு பாத்திக் கீரையையோ காண்பது அரிதாக இருக்கிறது. காரணம் சோம்பலன்று, உப்பு.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி வந்த ஆழிப்பேரலை, இக்கரையோரத்து வயல்களிலும் கொல்லைகளிலும் உப்பு நீரைக் கொண்டுவந்து நிரப்பியதை யாவரும் அறிவர். வயல்களை மீட்க வழி இருந்தது. வரப்புயர்த்தி மழைநீரைத் தேக்கி வடித்தார்கள். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். 2005-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழையும் கை கொடுத்தது. ஆனால், நாலு முழக் கொல்லைக்கு வரப்பேது, வடிகாலேது? அன்றியும், கடலோரத்தில் நிலத்தடி நீரே உவர்ப்பானது. கோடையில் அந்த ஈரம் மேலேறி ஆவியாகும்போது, உப்பை மட்டும் மண்ணின் மேல் விட்டுச் செல்கிறது. நிலத்தைத் திருத்த இயலாவிடில், பாத்தியை நிலத்திலிருந்து உயர்த்திவிடுவதே வழி. அதற்கு ஒரு மரப்பெட்டி போதும். அதையும் வீட்டில் கிடக்கும் பழைய பலகையைக் கொண்டே செய்துவிடலாம்.

தச்சு வேலையும் தோட்ட வேலையும் இவ்வட்டாரத்திற்குப் புதியன அல்ல. 1760-ஆம் ஆண்டில் இங்கு வந்து குடியேறிய மொராவிய சகோதரர்கள், பொறையாற்றுக்கு அருகில் ‘சகோதரர் தோட்டம்’ என்ற குடியிருப்பை அமைத்து, கைத்தொழிலும் தோட்டமுமாக 1803 வரை வாழ்ந்தார்கள். அவர்கள் செய்ததை நாம் ஒரு பெட்டியளவில் செய்யப் போகிறோம்.

நமது முதற் பெட்டி

முதலில் நாம் பட்ட நஷ்டத்தைச் சொல்லிவிடுவது முறை. கடற்கரையில் கிடந்த பழைய படகுப் பலகை மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி, பெட்டி செய்து, அதைத் தரையிலேயே வைத்தோம். மண்ணோடு கடற்கரை மணலையும் கலந்தோம். நட்ட மிளகாய் நாற்றுகள் பதினைந்தே நாட்களில் இலை நுனி கருகி மடிந்தன. உப்புக்குத் தப்ப வேண்டுமென்று பெட்டி செய்து, பலகையாலும் மணலாலும் தரையாலுமாக மூன்று வழியில் உப்பை உள்ளே அழைத்திருந்தோம்! பின்னர் செய்த பெட்டிகள் பலன் தந்ததற்கு, அந்த மூன்று வழிகளையும் அடைத்ததே காரணம்.

பலகையைத் தேர்தல்

பழைய மரம் எல்லாம் நல்ல மரம் அன்று. படகுப் பலகை ஆகாது. உப்பும் தாரும் அதில் ஊறியிருக்கும். ரயில் தண்டவாளத்தின் அடியில் கிடந்த கட்டைகளும் ஆகா. 1926-இல் தொடங்கி 1986-இல் நின்றுபோன மயிலாடுதுறை – தரங்கம்பாடி ரயிலை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள், அத்தகைய கட்டை எளிதில் மக்காது என்று சொல்லக் கூடும். அது உண்மையே, ஆனால், மக்காமலிருக்க ஏற்றப்படும் கிரியோசோட்டுத் தைலம் நஞ்சு.

பழைய கதவு, ஜன்னற் பலகைகளில் வர்ணம் பூசியிருந்தால் எச்சரிக்கை தேவை. வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி, 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் அமலுக்கு வந்தது. முந்தைய வர்ணத்தில் ஈயம் மிகுந்திருக்கலாம். அதைச் சுரண்டிப் பயன்படுத்தவும் முயலலாகாது. சுரண்டிய தூள் குழந்தைகளுக்குப் பெருங்கேடு.

சரக்கு ஏற்றும் மரச் சட்டங்கள் கிடைத்தால் அவற்றின் முத்திரையைப் பார்க்க வேண்டும். ‘எச்.டி.’ என்றிருந்தால் வெப்பத்தால் பதம் செய்தது, கொள்ளலாம். ‘எம்.பி.’ என்றிருந்தால் நச்சுப் புகை இட்டது, தள்ளுக. நெசவாள அன்பர்களின் வீட்டிலோ இவற்றினும் சிறந்த மரம் உண்டு. ஓய்ந்துபோன தறியின் சட்டங்களும் கால்களும், கூரைக்குள்ளேயே இருந்து நன்கு உலர்ந்த மரம். அவை பெட்டியின் மூலைக் கால்களாகட்டும்.

பெட்டியின் அளவு

நீளம் 4 அடி, அகலம் 2 அடி, ஆழம் 1 அடி. இந்த அகலமாயின் ஒரு பக்கம் நின்றே மறுபக்கத்துக் களையைப் பறிக்கலாம். ஆறங்குல அகலப் பலகையாயின் பக்கங்களுக்கு 24 அடியும் அடிப்பாகத்துக்கு 16 அடியும், ஆக 40 அடி வேண்டும். நான்கு மூலைக் கால்களிலும் பலகைகளைத் திருகாணியிட்டு முடுக்குக. ஈர மண் பக்கவாட்டில் தள்ளும் வேகத்தில் ஆணி பிடுங்கிக்கொள்ளும். அடிப்பலகையின் கீழே குறுக்காக மூன்று சட்டங்கள் தைத்து, ஆறங்குலத்துக்கு ஒன்றாக அரையங்குலத் துளைகள் இடுக. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இத்துளைகளே வேரை அழுகாமற் காக்கும்.

பெட்டியைச் செங்கல் அடுக்கின் மேல் வைக்க வேண்டும். கறையானும், தரையின் உப்பும் ஏறாதிருக்க இதுவே காப்பு. மண்ணும் நீரும் சேர்ந்தால் ஏறத்தாழ 300 கிலோ கனம் வரும். ஆகவே, நிரப்பும் முன்பே இடத்தைத் தீர்மானித்துவிடுக. பழைய மாடியின் மேல் ஏற்ற வேண்டாம்.

நிரப்பும் முறை

அடியில் மூன்றங்குல உயரத்துக்குத் தேங்காய் மட்டைகளை, நார்ப்பக்கம் மேலாக அடுக்குக. இதற்கு இரண்டு கன அடி போகும். எஞ்சிய ஆறு கன அடிக்கு மூன்று பங்கு நல்ல மண், ஒரு பங்கு ஆற்று மணல், இரண்டு பங்கு நன்கு மக்கிய தொழுவுரம், இவற்றோடு அரைக் கிலோ வேப்பம் பிண்ணாக்கு. மண்ணை உள்நாட்டு வயல் வைத்திருக்கும் அங்கத்தினரிடம் கேட்டுப் பெறுக. ஏரி, குளத்து வண்டலாயின் உரிய அனுமதியின்றி எடுக்கலாகாது. தென்னை நார்க்கழிவு கலக்க விரும்புவோர், அதை நல்ல நீரில் பலமுறை அலசி, மக்க வைத்த பின்னரே கலக்க வேண்டும். அதிலும் உப்பு உண்டு. ஒரு மாதத்தில் மண் இரண்டங்குலம் வரை அமிழும். அந்த இடத்தை மறுபடி எருவால் நிரப்புக.

நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. உவர் நீரை ஊற்றினால் மேற்சொன்ன பாடெல்லாம் வீண். 2003-ஆம் ஆண்டு முதல் மழைநீர்ச் சேமிப்பு நம் மாநிலத்தில் கட்டாயம். அந்த நீரும், அரிசி களைந்த நீரும் பெட்டிக்கு ஆகும். மண்ணின் மேல் வெண்படலம் தோன்றினால் உப்பு சேர்ந்ததாகக் கொள்க. அப்போது நல்ல நீரைத் துளைகளில் வழியும்வரை ஊற்றி உப்பை வடித்துவிட வேண்டும்.

முதற் போகமாகச் சிறுகீரை விதைப்பது நலம். ஏறத்தாழ ஒரு மாதத்தில் பறித்துவிடலாம். அதன் பின் கத்தரியாயின் மூன்று செடி நடலாம். கொத்தவரை உப்பை ஓரளவு தாங்கும், பீன்ஸ் தாங்காது.

கணக்கு என்ன சொல்கிறது?

எட்டுச் சதுர அடி நிலம் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடாது. ஒரு முறை விதைத்தால் இரண்டு மூன்று வேளைக்குக் கீரை கிடைக்கும், அவ்வளவே. ஆகவே, இதன் பொருட்டு எவரும் கடன் வாங்க வேண்டாம் என்பது நமது கண்டிப்பான யோசனை. காசு கொடுத்துப் புதுப் பலகை வாங்கினால் அந்தச் செலவு திரும்பி வரப் பல காலம் செல்லும். பழைய மரமும், ஓய்வு நேர உழைப்பும், வீணாகும் நீரும் சேரும்போதுதான் இது லாபம். ஆனால், பாவு கிடைக்காது தறி நிற்கும் வாரத்தில், அந்த இரண்டு வேளைக் கீரை எத்தகைய ஆறுதல் என்பதை நெசவாளர் வீட்டுப் பெண்மணிகளிடம் கேட்டால் சொல்வார்கள்.

தனித்தனியே அரைக் கிலோ பிண்ணாக்கும் ஒரு கூடை மண்ணும் தேடி அலைவதைவிட, பத்து அங்கத்தினர் சேர்ந்து ஒரு வண்டி மண்ணும் ஒரு மூட்டைப் பிண்ணாக்கும் தருவித்துப் பங்கிட்டுக்கொள்வது எளிது. மண் விவசாயியிடம் இருக்கிறது. பழந்தறி மரம் நெசவாளரிடம் இருக்கிறது. இவ்விரண்டையும் ஒரு பெட்டியில் சேர்க்கக் கூட்டுறவை விடச் சிறந்த வழி ஏது? ஆடிப்பட்டம் வருமுன் ஒரு பெட்டியேனும் செய்து பார்ப்பார்களாக.