கார்பன் வரியும் வாக்குச் சீட்டும்

விலைவாசி ஆட்சியைக் கவிழ்க்கும் என்பதை நமக்கு எவரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1998 நவம்பரில் டெல்லி சட்டமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றபோது, தோற்கடித்தது வெங்காயம்தான் என்று நாடே பேசியது. ஆனால் மழை பொய்த்தது, வெயில் கூடியது, காடு எரிந்தது என்பதற்காக மக்கள் ஓர் அரசை மாற்றுவார்களா? மாற்றியிருக்கிறார்கள். அதே மக்கள், அதைச் சரிசெய்ய வந்த அரசையும் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இந்த இரண்டும் நடந்த நாடு ஆஸ்திரேலியா.

அந்த நாடு நமக்கு அந்நியமன்று. இறக்குமதியாகி நம் மண்டிகளுக்கு வரும் கொண்டைக்கடலையிலும் மைசூர்ப் பருப்பிலும் கணிசமானது அங்கே விளைந்ததுதான். அங்கு வாக்களிப்பது சட்டப்படி கட்டாயம். போடாதவருக்கு அபராதம் உண்டு. ஆகவே தேர்தல் முடிவு என்பது ஏறத்தாழ முழு ஊரின் முடிவு.

2007ஆம் ஆண்டுக்குப் போவோம். பல ஆண்டுகளாக நீடித்த வறட்சியில் முர்ரே-டார்லிங் ஆற்றுப் படுகை காய்ந்து கிடந்தது. நகரங்களில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடக்கூடக் கட்டுப்பாடு. 11 ஆண்டுகள் பிரதமராக இருந்த ஜான் ஹோவர்டு, கியோட்டோ ஒப்பந்தத்தை ஏற்க மறுத்து வந்தவர். எதிர்த்து நின்ற கெவின் ரட், பருவநிலை மாற்றத்தை இந்தத் தலைமுறையின் அறச் சோதனை என்ற பொருளில் மேடைதோறும் முழங்கினார். தொழிலாளர் சட்டப் பிரச்சினையும் சேர்ந்துகொள்ள, ஹோவர்டு ஆட்சியை மட்டுமின்றித் தம் சொந்தத் தொகுதியையும் இழந்தார். ரட் பதவியேற்றவுடன் முதல் வேலையாகக் கியோட்டோவில் கையெழுத்திட்டார். ஆனால் 2010இல் அவரே தம் திட்டத்தைக் கிடப்பில் போட்டார், செல்வாக்கு சரிந்தது, சில வாரங்களில் பதவியும் போயிற்று.

அடுத்து வந்த ஜூலியா கில்லார்டு, தம் ஆட்சியில் கார்பன் வரி இராது என்று சொல்லித் தேர்தலைச் சந்தித்தார். பெரும்பான்மை கிடைக்கவில்லை. பசுமைக் கட்சி, சுயேச்சைகள் ஆதரவில் ஆட்சி அமைத்தபின், 2012 ஜூலை 1 முதல் டன்னுக்கு 23 டாலர் என்று கார்பனுக்கு விலை வைத்தார். வணிகர்களாகிய நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அந்த வரி கடைக்காரர் மீது போடப்பட்டதன்று. மின் நிலையங்கள் முதலான சில நூறு பெரிய நிறுவனங்களே கட்ட வேண்டும். கடைக்காரருக்கு அது மின்கட்டண ரசீது வழியாக வந்தது. குளிர்பதன அறைக்கு நிரப்பும் வாயுவுக்கும் இதற்கு ஈடான வரி விழுந்ததால், மீன் கடைக்காரரும் இறைச்சிக் கடைக்காரரும் திண்டாடினர். மொத்த விலைவாசி 0.7 சதவீதமே கூடும் என்று அரசின் நிதித்துறை கணக்குச் சொன்னது. எதிர்க்கட்சி அரசியல்வாதி ஒருவரோ, ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குச் சமைக்கும் ஆட்டுக்கறியே 100 டாலர் ஆகும் என்றார்! எந்தப் பேச்சு வாக்காளர் காதில் நின்றிருக்கும்?

எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபோட் கடை கடையாக, பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். இன்னொரு பக்கம், கார்பன் வரியைச் சாக்காகச் சொல்லிப் பொய்யாக விலை ஏற்றினால் 11 லட்சம் டாலர் வரை அபராதம் என்று வணிகப் போட்டி ஆணையம் எச்சரித்தது. ஒரு ரொட்டிக் கடைச் சங்கிலியின் நிர்வாகி, விலையை ஏற்றுங்கள், பழியைக் கார்பன் வரி சுமக்கட்டும் என்ற கருத்தில் தம் கிளைக்காரர்களுக்கு எழுதிய மடல் வெளியே வந்து, அவர் பதவி விலக நேர்ந்தது. அவருக்காக நாம் வருந்தவில்லை. ஆனால் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது நம் கல்லாவின் முன் நடந்த சச்சரவுகளை எண்ணினால், யோக்கியமாக வியாபாரம் செய்த கடைக்காரர்கள் அங்கே பட்ட பாடு நமக்கு விளங்கும்.

கில்லார்டு அரசு மக்களுக்கு ஈடு கொடுக்காமல் இல்லை. வருமான வரி விலக்கு வரம்பை 6,000 டாலரிலிருந்து 18,200 ஆக உயர்த்தியது. அந்த வரவை யாரும் பேரேட்டில் எழுதிக்கொள்ளவில்லை. மின் ரசீதில் வந்த பற்றுதான் நினைவில் நின்றது. 2013 செப்டம்பரில் அபோட் வென்றார். 2014 ஜூலையில் வரி ரத்தாயிற்று. நம் நாட்டிலும் 2010இல் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் வரி போட்டு, 2016க்குள் 400 ஆக்கினார்கள். அதை எதிர்த்து ஒரு தேர்தல் மேடைப் பேச்சையும் நாம் கேட்டதில்லை. ரசீதில் தனி வரியாகத் தெரியவில்லையே!

2019 தேர்தலில் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இந்தியாவின் அதானி குழுமம் திறக்கவிருந்த நிலக்கரிச் சுரங்கமே பேச்சாயிற்று. அதை எதிர்த்துத் தெற்கிலிருந்து வாகன ஊர்வலம் போனார்கள். எங்கள் பிழைப்பைப் பற்றி வெளியூர்க்காரர் முடிவு செய்வதா என்று சுரங்க ஊர்கள் கொதித்தன. வெல்லும் என்று கருத்துக் கணிப்புகள் கூறிய தொழிற்கட்சி தோற்றது; அந்த மாநிலத்தின் 30 தொகுதிகளில் அதற்குக் கிடைத்தவை 6.

அந்த ஆண்டின் கடைசியில் காடுகள் பற்றி எரிந்தன. சிட்னி நகரம் புகையில் மூழ்கியிருக்க, பிரதமர் ஸ்காட் மோரிசன் குடும்பத்துடன் ஹவாய்க்கு விடுமுறை போயிருந்தது பெரும் கோபத்தைக் கிளப்பியது. 2022 தேர்தலில் அவர் கட்சியின் கோட்டைகளாயிருந்த ஆறு தொகுதிகளைப் பருவநிலையை முன்வைத்துப் போட்டியிட்ட சுயேச்சைப் பெண்கள் கைப்பற்றினர். நிதியமைச்சரே தோற்றார். இவையெல்லாம் வசதியானவர்கள் வாழும் பகுதிகள் என்பதை மறக்கலாகாது. மின்கட்டணம் உறுத்தாத வீட்டில் புகை உறுத்துகிறது. சுரங்கத்தில் கூலி வாங்கும் வீட்டின் கணக்கு வேறு. இருவரையும் குறை சொல்ல நாம் தயாரில்லை.

2025 மே மாதத் தேர்தலில் வாழ்க்கைச் செலவே முதல் கவலை. அணுமின் நிலையங்கள் கட்டுவோம் என்ற எதிர்க்கட்சித் தலைவர் பீட்டர் டட்டன் தம் தொகுதியையே இழந்தார். பசுமைக் கட்சியும் கீழவையில் வைத்திருந்த நான்கு இடங்களில் மூன்றை இழந்தது. வென்ற தொழிற்கட்சி இம்முறை வரி என்ற சொல்லை எடுக்கவில்லை. சூரிய மின்சாரத்தைச் சேமிக்கும் வீட்டு பேட்டரிகளுக்குச் சுமார் 30 சதவீதம் தள்ளுபடி தருவோம் என்றது. 2025 ஜூலை 1 முதல் அந்தத் தள்ளுபடி நடைமுறைக்கு வந்தது. கார்பனுக்கு அவர்கள் விலை வைத்த அதே ஜூலை 1, பதின்மூன்று ஆண்டுகள் கழித்து.