சொல்வதா, எழுதுவதா, செய்து காட்டுவதா?

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். வீட்டுத் தோட்டம் பற்றிச் சொல்லிக் கொடுக்கப் போன எங்களுக்கே இந்தப் பழமொழியின் அர்த்தம் நன்றாக விளங்கியது.

2021 மே மாதம் நாட்டில் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியும் பசளை விலை கைக்கு எட்டவில்லை. 2022இல் மாவு, அரிசி, மரக்கறி எல்லாமே விலை ஏறி, லயங்களில் அடுப்பு எரிவதே கஷ்டமாகியது. அந்த நேரம் நாங்கள் கூட்டெரு செய்வது எப்படி என்று துண்டுப் பிரசுரம் அடித்துப் பங்கிட்டோம். காலைப் பெரட்டில் நின்று பேசினோம். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஒரு லயத்திலும் எருக் குவியல் இல்லை.

'ஆட்களுக்கு அக்கறை இல்லை' என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். கொழுந்தெடுக்கும் ஒரு அக்காதான் எங்கள் கண்ணைத் திறந்தார். "ஐயா, மலைக்கு ஓடுற நேரத்தில பேசினீங்க, காதுல ஏறல. காகிதத்தைக் குடுத்தீங்க, எனக்குப் படிக்கத் தெரியாது. ஒரு தரம் கையில காட்டியிருந்தா செஞ்சிருப்போமே."

பிழை எங்கள் பேரில்தான். சொல்லிய விஷயம் சரி. சொல்லிய முறை சரியில்லை.

விவசாயம் கற்பிக்கப் பல வழிகள் உண்டு. எந்த வழி எதற்குப் பொருந்தும் என்று பார்ப்போம்.

1. செய்தி மட்டும் என்றால்: நாற்று எப்போது கிடைக்கும், கூட்டம் எங்கே என்பதற்கு நோட்டீஸ் அல்லது வாட்ஸ்அப் போதும். மருந்தின் அளவு, நாள் கணக்கு போன்றவற்றைக் கட்டாயம் எழுதிக் கொடுக்க வேண்டும். வாயால் சொன்ன எண் மறந்துபோகும், மாறியும்போகும்.

2. கைவேலை என்றால்: செய்து காட்ட வேண்டும். கூட்டெருவில் ஈரம் போதுமா என்பதை எப்படி எழுதிப் புரியவைப்பது? ஒரு பிடியை எடுத்து இறுக்கிப் பிழிந்தால் கையில் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது. குவியலுக்குள் ஒரு தடியைக் குத்தி வைத்து, சில நாள் கழித்து இழுத்துத் தொட்டால் சூடு தெரியும். சூடு இருந்தால் எரு உக்குகிறது. கை ஒரு முறை பழகினால் மறக்காது.

3. நம்பிக்கை வரவேண்டும் என்றால்: பலனைக் கண்ணால் காட்ட வேண்டும். தேயிலைக்குப் புளிப்பு மண் பிடிக்கும். மரக்கறிக்கு அவ்வளவு புளிப்பு ஆகாது. அதனால் பாத்தியில் டொலமைட் போடச் சொன்னோம். "அது தேயிலைக்குப் போடுறதுதானே, போஞ்சிக்கு எதுக்கு?" என்று கேட்டார்கள். நாங்கள் வாதாடவில்லை. பீலிக்கரைக்குப் பக்கத்தில் இரண்டு போஞ்சிப் பாத்தி போட்டோம். ஒன்றுக்கு டொலமைட்டும் கூட்டெருவும், மற்றதுக்கு ஒன்றுமில்லை. தண்ணீருக்கு வருகிற எல்லோரும் தினமும் பார்த்தார்கள். இரண்டு மாதத்தில் காய் பறிக்கும்போது எங்களுக்குப் பேச வேலையே இருக்கவில்லை.

4. ஒரு வீட்டின் தனிப் பிரச்சினை என்றால்: அந்த வீட்டுக்கே போக வேண்டும். இலை ஏன் சுருளுகிறது என்பதை அந்தச் செடிக்குப் பக்கத்தில் நின்றுதான் சொல்ல முடியும். நமக்கும் விளங்காவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

முறையைத் தெரிவு செய்ய முன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். யாருக்குச் சொல்கிறோம்? எதை மாற்றப் பார்க்கிறோம்? அவர்களுக்கு எந்த நேரம் ஓய்வு? வீட்டுத் தோட்டத்தைப் பெரும்பாலும் பார்ப்பது பெண்கள். மலையால் வந்து, தண்ணீர் எடுத்து, சமைத்து, பிள்ளைகளையும் பார்க்கிறவர்களை மாலையில் கூட்டத்துக்கு அழைத்தால் எப்படி வருவார்கள்? இப்போது நாங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில், லயத்து முற்றத்திலேயே வைக்கிறோம். கைக்குழந்தையோடும் வரலாம்.

இன்னொன்று. நாம் செய்து காட்டியதோடு வேலை முடியாது. பார்த்தவர் தம் கையால் செய்ய வேண்டும். நாம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பிழைத்தால் ஏசாமல் திருத்த வேண்டும். கொழுந்தெடுக்க நீங்கள் எப்படிப் பழகினீர்கள்? புத்தகம் பார்த்தா? அம்மாவோ அக்காவோ பக்கத்தில் நிற்க, விரலால்தானே பழகினீர்கள்?

இதை உத்தியோகத்தருக்கு மட்டும் எழுதவில்லை. மாதர் சங்கத்திலும் இளைஞர் கழகத்திலும் உள்ளவர்கள், நல்ல பாத்தி போட்டிருக்கிற ஒவ்வொருவரும் ஆசிரியரே. பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு உங்கள் பாத்தியைக் காட்டுங்கள். கூட்டெரு போட்டுக் காட்டச் சொன்ன அந்த அக்கா, இன்று தம் லயத்தில் மற்றவர்களுக்குக் காட்டிக் கொடுக்கிறார். நாங்கள் அச்சடித்த பிரசுரங்களில் மிச்சம் இன்னும் அலுமாரியில் கிடக்கிறது.