பிரம்பு கற்பிக்கும் பாடம்

பள்ளியில் ஒரு சிறுவன் பக்கத்திலிருப்பவனை அடித்துவிட்டால், "கெட்ட சகவாசம், எங்கேயோ கற்றுக்கொண்டான்" என்று பெரியோர் சொல்வது வழக்கம். இந்த அபிப்பிராயம் பாதிதான் சரி. அடிப்பதற்குக் குழந்தைக்கு உபாத்தியாயர் வேண்டியதில்லை. இரண்டு வயதிலே, சொல் திருந்துமுன் கை நீண்டுவிடுகிறது. அடிக்காமலிருப்பதே அது கற்கவேண்டிய வித்தை.

கனடா தேசத்து மாண்ட்ரியல் நகரின் ஏழைப் பகுதிகளில், பாலர் வகுப்புச் சிறுவர் 1,000 பேருக்கு மேல் 1984 முதல் ஆராயப்பட்டனர். ரிச்சர்ட் திரம்ப்ளே என்னும் பேராசிரியர் இதை நடத்தினார். 6 வயது முதல் 15 வயது வரையில் பெரும்பாலோரிடம் சண்டைக் குணம் தேய்ந்துகொண்டே வந்தது. ஓயாமல் அடித்துவந்தவர் நூற்றுக்கு ஏறக்குறைய 4 பேரே. ஏழைத் தெருப் பிள்ளைகளென்றாலே முரடர் என்று பேசும் கனவான்கள் இதைக் கவனிப்பார்களாக.

அந்தச் சிலர் ஏன் திருந்தவில்லை? காரணங்கள் பல, நம் கையிலுள்ள ஒன்றை மாத்திரம் இங்கே விசாரிப்போம். அமெரிக்காவில் கென்னத் டாட்ஜ் முதலிய அறிஞர் 309 குழந்தைகளை ஆராய்ந்து, 1990-இல் முடிவை வெளியிட்டனர். வீட்டில் காயம் உண்டாகுமளவு அடிபட்ட குழந்தைகளே பாலர் வகுப்பில் பிறரை அதிகமாகத் தாக்கினர். அடிபட்ட பிள்ளை பிறர் எண்ணத்தைத் தப்பாகப் படிக்கிறான் என்பது அவர்கள் கண்ட காரணம். வரிசையில் ஒருவன் தோள் தற்செயலாக இடித்தாலும், வேண்டுமென்றே இடித்தானென்று நினைத்துக் கை ஓங்குகிறான்.

அடிபட வேண்டுமென்பதுகூட இல்லை; பார்த்தாலே போதும். 1961-இல் ஆல்பர்ட் பண்டூரா ஸ்டான்போர்டில் 72 சிறு குழந்தைகளைக் கொண்டு ஒரு பரீக்ஷை நடத்தினார். காற்றடைத்த பொம்மையைப் பெரியவர் ஒருவர் சுத்தியலால் அடிப்பதைக் கண்ட குழந்தைகளிற் பலர், பிறகு அவ்விதமே அடித்தனர். அவர் சொன்ன வார்த்தைகளையும் சொல்லிக்கொண்டு அடித்தனர்!

வகுப்பிலே நாற்பது பிள்ளைகள் பார்த்திருக்க ஒருவன்மீது பிரம்பு விழும்போது, அந்த நாற்பது பேரும் எதைக் கற்கிறார்கள்? "அடியாத மாடு படியாது" என்பார்கள். பிள்ளைகள் மாடுகளல்லவே! 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இந்நாட்டுப் பள்ளிகளில் அடியைத் தடுத்துவிட்டது. ஆயினும் அடி ஓய்ந்தபாடில்லை. அதே சட்டப்படி அரசாங்கப் பள்ளி நிர்வாகக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோரே. அடுத்த கூட்டத்தில், "பிரம்பு எந்த மேஜையில் இருக்கிறது?" என்று அவர்கள் தாராளமாகக் கேட்கலாம்.