பதக்கத்தில் பெயர் இல்லை

கொஞ்ச நாளாக, யூதக் குடும்பங்கள் அருங்காட்சியகங்களுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் கொடுத்த பொருட்களின் பட்டியல்களை இணையத்தில் துழாவிக்கொண்டிருக்கிறேன். பெர்லின் யூத அருங்காட்சியகத்திலும் நியூயார்க்கில் உள்ள லியோ பெக் நிறுவனத்திலும் இப்படிக் குடும்பங்களிடமிருந்து வந்தவை ஏராளம். அதில் ஒரு பொருள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: ஜெர்மன் ராணுவத்தின் இரும்புச் சிலுவைப் பதக்கம்.

யூதர் வீட்டில் சிலுவையா, அதுவும் ஜெர்மன் ராணுவம் கொடுத்ததா என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

முதல் உலகப் போரின்போது ஜெர்மனியில் சுமார் 5.5 லட்சம் யூதர்கள் இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் ராணுவத்தில் சேவை செய்தார்கள், சுமார் 12,000 பேர் இறந்தார்கள். இரும்புச் சிலுவை என்பது 1813-ல், நெப்போலியனுக்கு எதிரான போரின்போது பிரஷ்ய மன்னர் ஏற்படுத்திய விருது. முதல் உலகப் போர்க் காலத்துச் சிலுவையின் முன்பக்கத்தில் ஒரு கிரீடம், பேரரசர் வில்லியமின் முதலெழுத்து, 1914 என்ற ஆண்டு. இரண்டாம் வகுப்புப் பதக்கத்தைப் பின்பக்கம் திருப்பினால் 1813 என்று இருக்கும். வாங்கியவர் பெயர் பொதுவாக எங்கேயும் இருக்காது. இந்த இரண்டாம் வகுப்புப் பதக்கத்தை மட்டும் லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். ஆக, பதக்கத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அது யாருடையது என்று சொல்ல முடியாது.

சொல்வது அதோடு இருந்த காகிதங்கள்தான். முக்கியமானது ராணுவப் பாஸ் புத்தகம். சட்டைப் பையில் அடங்குகிற சின்னப் புத்தகம். பெயர், பிறந்த தேதி, தொழில், மதம், எந்தப் படைப்பிரிவு, எந்தெந்தச் சண்டை, என்ன பதக்கம், எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். மதம் என்ற அந்த ஒரு வரியை வைத்து, கையில் இருப்பது ஒரு யூத வீரரின் புத்தகம் என்று இன்றைக்கும் நாம் கண்டுபிடிக்கலாம்.

இந்தப் புத்தகத்துக்குப் போருக்குப் பிறகுதான் உண்மையான வேலை வந்தது. போர் நடக்கும்போதே, 1916-ல், யூதர்கள் போர்முனைக்குப் போகாமல் தப்பிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டை வைத்து பிரஷ்யப் போர் அமைச்சகம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. போர் முடியும்வரை அதன் முடிவை வெளியிடவில்லை. சந்தேகம் அப்படியே ஊரில் நின்றுவிட்டது. நாங்களும் சண்டை போட்டோம் என்று நிரூபிக்க வேண்டிய பாரம் வீரர்கள் தலையில் விழுந்தது. 1919-ல் யூதப் போர்முனை வீரர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். இறந்தவர்களின் பெயர்களைத் திரட்டி 1932-ல் அது ஒரு நினைவுப் புத்தகமே வெளியிட்டது. பத்தாயிரத்துக்கும் மேல் பெயர்கள்.

அடுத்த வருஷமே நாஜிகள் ஆட்சிக்கு வந்துவிட்டார்கள். 1933 ஏப்ரல் 1, யூதக் கடைகளைப் புறக்கணிக்கச் சொன்ன நாள். கொலோன் நகரில் ரிச்சர்ட் ஸ்டெர்ன் என்பவர் நெஞ்சில் இரும்புச் சிலுவையைக் குத்திக்கொண்டு தன் கடை வாசலில் நின்றார். பக்கத்திலேயே நாஜிக் காவலாள். அந்தப் புகைப்படம் இன்றும் இருக்கிறது.

அதே ஏப்ரலில், யூதர்களை அரசு வேலையிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. ஜனாதிபதி ஹிண்டன்பர்க் வற்புறுத்தியதால் போர்முனையில் சண்டை போட்டவர்களுக்கு விலக்கு. விலக்கு வேண்டுமென்றால் ஆதாரம் காட்ட வேண்டும். டிராயரில் கிடந்த காகிதம் திடீரென்று குடும்பத்தின் சோறு ஆகிவிட்டது.

1934-ல் ஹிண்டன்பர்க், போரில் பங்கேற்ற எல்லோருக்கும் ஒரு கௌரவச் சிலுவை அறிவித்தார். கொஞ்ச நாளில் அவர் இறந்துவிட்டார். பிறகு வந்த சான்றிதழ்களில் 'ஃபியூரர், ரைஷ் சான்சலர் பெயரால்' என்று அச்சடித்திருந்தது. யூத வீரர்களும் விண்ணப்பித்து வாங்கினார்கள். ஹிட்லர் பெயரில் ஒரு யூதருக்குப் பாராட்டுச் சான்றிதழ்! இதை மோசடி என்று நினைத்துவிடக் கூடாது, அப்படி நிஜமாகவே கொடுத்தார்கள். 1935-ல் நியூரெம்பர்க் சட்டங்கள் வந்ததும் வேலைக்கான அந்த விலக்கும் போய்விட்டது.

1942 ஜனவரியில் நடந்த வான்சே கூட்டத்தின் குறிப்பிலும் இந்தப் பதக்கம் வருகிறது. போரில் கடுமையாகக் காயம்பட்ட யூதர்களையும், முதல் வகுப்பு இரும்புச் சிலுவை போன்ற விருது பெற்றவர்களையும் தெரேசியன்ஸ்டாட்டுக்கு அனுப்பலாம் என்று அதில் இருக்கிறது. சலுகை மாதிரி தெரியும். ஆனால் அங்கே கொண்டுபோகப்பட்ட சுமார் 1,40,000 பேரில் ஏறக்குறைய 33,000 பேர் அங்கேயே இறந்தார்கள். இன்னும் பலரை அங்கிருந்து ஆஷ்விட்ஸ் போன்ற இடங்களுக்கு ரயிலேற்றினார்கள். காகிதம் காப்பாற்றும் என்று நம்பியவர்களுக்கு, அது எந்த ரயில் என்பதைத்தான் தீர்மானித்தது.

கடைசியாக ஒரு விஷயம். 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் மீது நடந்த குண்டுவீச்சில் அங்கிருந்த ராணுவ ஆவணக் காப்பகம் எரிந்தது. பிரஷ்யப் படை வீரர்களின் தனிப்பட்ட கோப்புகளில் பெரும்பகுதி சாம்பல். பவேரியப் படையின் கோப்புகள் மியூனிக்கில் இருந்ததால் பெரும்பாலும் தப்பின. என் தொழில் பாஷையில் சொன்னால், பிரஷ்ய கோப்புகளுக்கு பேக்கப் எடுக்கவே இல்லை. அதனால், நாடுவிட்டு ஓடும்போது ஒரு குடும்பம் பெட்டியில் போட்டு எடுத்துப்போன பாஸ் புத்தகம்தான் ஒரு பிரஷ்ய வீரரைப் பற்றி இன்று மிஞ்சியிருக்கும் ஒரே முழுப் பதிவாக இருக்கலாம். அரசாங்கத்திடம் நிரூபிக்க வைத்திருந்த நகல், அரசாங்கத்தின் மூலமே அழிந்த பிறகும் இருக்கிறது.

அதனால் இப்படி ஒரு பெட்டி யார் கையிலாவது கிடைத்தால் பதக்கத்தைப் பளபளவென்று தேய்த்துக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுவதற்கு முன்னால், அடியில் இருக்கிற மடித்த காகிதத்தை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து வையுங்கள். இரண்டையும் பிரிக்காதீர்கள். சேகரிப்பாளர்களிடம் தனியாக விலைபோன சிலுவை, இன்னொரு சிலுவை, அவ்வளவுதான்.