ரயில்வே கேட் வீட்டுக் குயில்!

ஃப்ரெண்ட்ஸ், குக்கூ கடிகாரம்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? குட்டியா ஒரு மர வீடு, கூரைக்குக் கீழே சின்னக் கதவு, மணி அடிச்சா எட்டிப் பார்க்கிற பறவை. சரி, அந்த வீடு யாரோடதுன்னு என்னைக்காவது யோசிச்சீங்களா? அது ரயில்வே லைன் ஓரத்துல காவல்காரர் குடியிருந்த வீடு! பொன்மலை ஒர்க்‌ஷாப் இருக்கிற திருச்சியில படிச்சுக்கிட்டு இது தெரியாம இருக்கலாமா?

கதை நடந்தது ஜெர்மனியில. (ஸ்விட்சர்லாந்துன்னு யாராவது சொன்னா தாராளமா சண்டைக்குப் போங்க!) தென்மேற்கு மூலையில பிளாக் ஃபாரஸ்ட்னு ஒரு மலைக்காடு. பனிக்காலத்துல அங்கே வயல் வேலை ஓடாது. அதனால 18-ம் நூற்றாண்டுல விவசாயக் குடும்பங்கள் வீட்டுக்குள்ள உட்கார்ந்து மரத்துலயே சக்கரம் செதுக்கி கடிகாரம் பண்ண ஆரம்பிச்சாங்க. அதுல குயிலை முதல்ல கூவ வைச்சது யாருங்கிற பஞ்சாயத்து இன்னும் முடியலை.

குயிலோட தொண்டை ரொம்ப சிம்பிள். கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரி ரெண்டு குட்டித் துருத்தி, ஆளுக்கொரு மரக்குழல். ஒரு குழல்ல மேல் சுரம், இன்னொண்ணுல கீழ் சுரம். கம்பி துருத்தியைத் தூக்கி விட, அது விழும்போது காத்து குழலுக்குள்ள போய் ‘குக்... கூ’! பேட்டரி கிடையாது. சங்கிலியில தொங்குற இரும்புக் குண்டு இறங்குற வேகத்துலதான் எல்லாமே ஓடும்.

19-ம் நூற்றாண்டு நடுவுல வந்தது வில்லங்கம். அமெரிக்காவுல மெஷின்ல பண்ணின மலிவுக் கடிகாரங்கள் வந்து இறங்க, மலைக்காட்டு ஜனங்க வயித்துல அடி. 1850-ல் பாடன் அரசாங்கம் ஃபுர்ட்வாங்கன்ங்கிற ஊர்ல ஒரு கடிகாரப் பள்ளியே திறந்துச்சு. அதோட தலைவர் ராபர்ட் கெர்விக், ஒரு இன்ஜினீயர். ‘புது டிசைன் அனுப்புங்க’ன்னு போட்டி அறிவிச்சார். ஃப்ரீட்ரிஷ் ஐசன்லோர்னு ஒரு ஆர்க்கிடெக்ட் கலந்துக்கிட்டார். ரயில் பாதைக்குக் கட்டடம் கட்டுறதுதான் அவர் வேலை. தான் கட்டுற காவல்காரர் வீட்டு முகப்பையே வரைஞ்சு, நடுவுல கடிகார முகத்தைப் பொருத்தி அனுப்பிட்டார். அப்புறம் இலை, கொடி, மான் கொம்புன்னு செதுக்கினது எல்லாம் அந்த வீட்டு மேலதான். பல குடும்பத்து அடுப்பு எரிஞ்சதும் அதாலதான். கெர்விக் பின்னாடி அதே காட்டுக்குள்ள சுரங்கம் சுரங்கமா குடைஞ்சு ரயில் பாதை போட்டார். அந்தப் பள்ளியோட வாரிசுதான் இன்னைக்கு அங்கே இருக்கிற ஃபுர்ட்வாங்கன் பல்கலைக்கழகம்!

ரயில் நம்ம ஊர் கடிகாரத்தையும் சும்மா விடலை. ரயில் வர்றதுக்கு முன்னாடி ஸ்ரீரங்கத்துல சூரியன் உச்சிக்கு வந்தாத்தான் மத்தியானம். ரயில் ஓட ஒரே டைம் வேணுமேன்னு வந்தது மெட்ராஸ் டைம். கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிஷம் முந்தி. 1906-ல் இந்திய ஸ்டாண்டர்ட் டைம் வந்ததும் அது 5.30 ஆச்சு. கணக்குப் போட்டா, திருச்சியோட சொந்த டைம் இப்போ கைக்கடிகாரத்துல இருக்கிறதை விட சுமார் 15 நிமிஷம் பின்னாடி. (ஃபர்ஸ்ட் ஹவர் லேட்டுக்கு இதைக் காரணமா சொல்லிப் பார்க்கலாம். வேலைக்கு ஆகாது!)

அப்புறம், கடிகாரத்துல கூவுறது நம்ம குயில் இல்லை, அதோட ஐரோப்பிய சொந்தக்காரன். உடம்பு சாம்பல் நிறம், குரல் மேலேர்ந்து கீழே இறங்கும். அம்மா மண்டபம் பக்கம் சித்திரை வெயில்ல நின்னு கேளுங்க. நம்ம கறுப்பன் கீழேர்ந்து மேலே மேலே ஏத்திக்கிட்டே போவான். அடுத்தவங்க கூட்டுல முட்டை போடுற புத்தி மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணு!

இப்போ கடையில கிடைக்கிறதுல நிறைய பேட்டரி மாடல். குண்டும் சங்கிலியும் சும்மா அழகுக்குத் தொங்கும். கண்டுபிடிக்க ஈஸியான வழி, ராத்திரி லைட்டை அணைச்சுப் பாருங்க. இருட்டினதும் தானா வாயை மூடிக்கிட்டா அதுக்குள்ள லைட் சென்சார் இருக்கு, துருத்தி இல்லை!